அரைக்கண்ணும் அவள் பயிற்சி அறையும்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். போகிற போக்கில் எழுதினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

மாலையானால் தானாக இறங்கிவிடும் இமைகளை ஜெயித்தாள். வகுப்பில் தூங்குகிறாள் என்று வாசலில் நிற்கவைத்த பள்ளிக்கூடத்தை ஜெயித்தாள். பட்டம் வாங்கி அல்ல, அங்கே பாதியில் விட்ட பாடங்களை வீட்டில் காலை வேளைகளில் தானே படித்து முடித்து. "மனசுலதான் ஏதோ இருக்கு" என்று சொல்லி அனுப்பிய டாக்டர்களை ஜெயித்தாள். நடிக்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசிய உறவுக்காரர்களை ஜெயித்தாள். அவர்கள் இப்போது முகத்துக்கு நேரே புகழ்கிறார்கள், அதையும் பொறுத்துக்கொள்கிறாள். ஒரு சட்டைத் தொழிற்சாலையில் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்து, அந்தத் தொழிற்சாலையின் கண்ணாக ஆனாள். நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் ஆபரேஷனை ஜெயித்தாள். அதன் பிறகு ஒன்றுமே நடக்காமல் போன மாதங்களையும் ஜெயித்தாள். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய வெற்றி அதுதான்.

நான் அவளுக்கு எட்டு வயது மூத்தவள். அதே தொழிற்சாலையில் இஸ்திரிப் பகுதியில் வேலை செய்கிறேன். அதனால் வீட்டில் நடந்ததும் தெரியும், வேலையிடத்தில் நடந்ததும் தெரியும். பார்க்காததை எழுதவில்லை. டாக்டர் சொன்னதை எழுதும்போது மட்டும், எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

பதிமூன்றாவது வயதில் தொடங்கியது. காலையில் எழுந்தால் கண் இரண்டும் பளிச்சென்று திறந்திருக்கும். மாலை ஆக ஆக இமை இறங்கி, கடை ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டது போல நின்றுவிடும். பேச ஆரம்பித்தால் முதல் வாக்கியம் கணீரென்று வரும். நாலாவது வாக்கியம் மூக்கு வழியாகப் போகும். தலை பின்ன உட்கார்ந்தால் ஒரு பின்னல் அவள் போடுவாள், அதற்குள் கை இறங்கிவிடும், அடுத்ததை நான் போடுவேன். சாப்பிடும்போது பாதியில் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வாள். சற்று நேரம் படுத்து எழுந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். வினையே அதில்தான் இருந்தது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, ஓய்வெடுத்தால் சரியாகிவிடுகிறது என்றால் யார் நம்புவார்கள்? வேலை சொன்னால் மட்டும் இவளுக்குக் கை வராது என்று ஒரு பேச்சு கிளம்பியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அரைக்கண்ணு என்று பெயர் வைத்தார்கள்.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. ஆனால் நாங்கள் செய்த பிழை ஒன்று உண்டு. அம்மா எப்போதும் காலையிலேயே கூட்டிப்போவாள். கூட்டம் குறைவு, மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பது கணக்கு. காலையில் தங்கை ரோஜாப்பூ மாதிரி இருப்பாள். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவாள், சிரிக்கச் சொன்னால் சிரிப்பாள். ஒவ்வொரு டாக்டரும் அம்மாவைத்தான் ஏற இறங்கப் பார்த்து அனுப்பினார்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பதினெட்டு வயதில் பாங்கில் கணக்கு திறக்க வேண்டியிருந்தது. மூன்று இடத்தில் கையெழுத்து வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் போட்டுப் பழகிப் பார்த்தோம். முதல் கையெழுத்து அழகாக வந்தது. இரண்டாவது சாய்ந்தது. மூன்றாவதில் பேனா கோட்டைத் தாண்டிச் சரிந்து போனது. அதைப் பெயர் என்று யாரும் படிக்க முடியாது. அவள் தாளை மடித்து வைத்துவிட்டாள். மறுநாள் காலை பாங்கில், கை நன்றாக இருந்தும், மாலையில் வராத கையெழுத்து எதற்கு என்று தனக்காகப் பேனாவைத் தொடவே இல்லை, கட்டைவிரலை நீட்டிவிட்டாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற பெரியவர் தன் பாரத்தை நிரப்பித் தரச் சொல்லி அவளிடமே கொடுத்தார். மையை வேறு விரலில் படாமல் பிடித்துக்கொண்டு அவருக்கு நிரப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் கைநாட்டுதான்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது அவளுடைய இருபத்திரண்டாவது வயதில். காரணம், அந்த நரம்பு டாக்டரம்மா மாலையில் மட்டும்தான் பார்ப்பார். முதல் தடவையாக ஒரு டாக்டர் என் தங்கையை மாலையில் பார்த்தார். மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இரு, கண்ணை எடுக்காதே என்றார். பார்க்கப் பார்க்க இமைகள் இறங்கின. டாக்டரம்மா குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்து ஒரு கையுறைக்குள் போட்டு, மூடிய கண்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது அந்த இமை மட்டும் மேலே ஏறி நின்றது. குளிர் பட்டால் இந்த நோயில் அப்படி ஆகுமாம்.

அம்மா கிட்டே போய் அந்த இமையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்போ இவ்வளவு வருஷமா இவ நடிக்கலையா டாக்டர்?" என்றாள்.

தங்கைதான் பதில் சொன்னாள். "நடிச்சிருந்தா இந்நேரம் போஸ்டர்ல இருந்திருப்பேனேம்மா."

மயஸ்தீனியா என்று டாக்டரம்மா பெயர் சொன்னார். நரம்பு கட்டளை கொடுக்கிறது, தசையும் தயாராக இருக்கிறது, ஆனால் தசை அந்தக் கட்டளையை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அடைத்துக் கெடுக்கிறது என்று விளக்கினார். மாத்திரைகள் கொடுத்தார். பாதி நாள் ஓட்ட அவை போதும். மீதி நாளைத் தங்கை தன் பிடிவாதத்தில் ஓட்டினாள்.

அதற்கு முன்பே அவளை எங்கள் தொழிற்சாலையில் நூல் வெட்டும் வேலையில் சேர்த்துவிட்டிருந்தேன். அவள் எப்படி மேலே வந்தாள் என்று சொல்ல, செக்கிங் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தைத்து முடித்த சட்டைகள் செக்கிங் மேசைக்கு வரும். அங்கே இருப்பவர்கள் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, குறை தெரிந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பு விழுந்த சட்டை வெளியே போகாது. அதனால் யார் கையில் ஸ்டிக்கர் கொடுக்கிறோம் என்பது பெரிய விஷயம். குறையைக் காணாதவள் கையில் கொடுத்தால் பெயர் கெடும். கண்டதற்கெல்லாம் ஒட்டுகிறவள் கையில் கொடுத்தால் தொழிற்சாலையே இழுத்து மூட வேண்டியதுதான்.

எங்கள் செக்கிங் மாஸ்டர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். புதிதாக வருகிறவர்களைப் பின்னால் உள்ள ஓர் அறைக்குள் அனுப்புவார். அங்கே நீளமான கம்பியில் எங்கள் தொழிற்சாலை தைக்கிற ஒவ்வொரு வகையிலும் ஒரு நல்ல சட்டை தொங்கும். குறை துளியும் இல்லாத சட்டைகள். ஆனால் அவை நல்லவை என்று சொல்லமாட்டார். பார்த்து ஒட்டுங்கள் என்று மட்டும் சொல்லி ஸ்டிக்கரைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்.

துணியின் மேல்பக்கம் எது, உள்பக்கம் எது என்றே தெரியாமல் திருதிருவென்று விழிப்பவர்களுக்கு வேறு வேலை கொடுத்துவிடுவார். நல்ல சட்டையில் பளார் பளார் என்று அம்பு ஒட்டியவர்களையும் மேசைக்கு விடமாட்டார். இரண்டுக்கும் நடுவே சிலர் இருப்பார்கள். அவர்களுக்கும் கை அரிக்கும். நல்ல சட்டையைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். ஒட்டலாமா என்று போய், கடைசியில் தயங்குவார்கள். இவர்களில் சிலரை மாஸ்டர் பொறுக்கி எடுத்து, ஸ்டிக்கரைத் திரும்ப வாங்கிக்கொண்டு கையில் ஒரு பச்சைப் பட்டை கட்டுவார். இவர்களுக்குச் செக்கிங் வேலை கிடையாது. மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். எந்த மேசையிலாவது ஒருத்தியின் கை நல்ல சட்டைமேல் வேகமாகப் போனால், அந்தக் கைமேல் கை வைத்து, "விடு, அது நம்ம துணி" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதனால் அவர்களுக்கு விடு அக்கா என்று பெயர்.

நூல் வெட்டிக்கொண்டிருந்த தங்கையைச் செக்கிங்குக்கு எடுக்க அந்த அறைக்குள் அனுப்பியபோது இரண்டு அம்புகள் ஒட்டினாளாம். பிறகு வெளியே வரும்முன் தானே திரும்பிப் போய், பசை தெரியாமல் நகத்தால் உரித்து எடுத்துவிட்டாளாம். மாஸ்டர் அதைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைப் பட்டை அன்றைக்கே கட்டப்பட்டது. அவளுக்கும் அதுதான் தோதான வேலை. மேசையில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கித் தூக்கி மாட்டினால் கை மத்தியானத்துக்குள் விழுந்துவிடும். நடக்கக் கால் இருந்தது. அவள் தன் பெயரையும் அங்கே மறைக்கவில்லை. முதல் நாளே, "என்னை அரைக்கண்ணுன்னு கூப்பிடுங்க, முழுக் கண்ணு இருக்கறவங்க விட்டதைப் பார்க்கறதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். கேலி செய்ய நினைத்தவர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கூத்து நடந்தது. முண்டு முண்டாக நூல் தெரிகிற ஒரு புதுத் துணியில் பெரிய ஆர்டர் வந்தது. அந்த முண்டுதான் அந்தத் துணிக்கு அழகு, அதற்குத்தான் விலை. அதன் நல்ல சாம்பிள் ஒன்றே ஒன்று வந்திருந்தது. அழுக்காகிவிடப் போகிறதே என்று அலுவலகத்தில் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பயிற்சி அறைக் கம்பிக்கு அது வரவே இல்லை. அந்த மாதம் புதிதாகப் பழகிய கூட்டம் அதைக் கண்ணால் கூடப் பார்க்காமல் மேசைக்கு வந்தது. சட்டைகள் வந்து இறங்கின. இவர்கள் முண்டைக் கண்டார்கள், ஒட்டினார்கள். ஒட்டு ஒட்டு என்று ஒட்டித் தள்ளினார்கள். அன்று தங்கை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். இன்னொரு விடு அக்காவும் லீவு. இருந்த ஒருத்தியால் இத்தனை கைகளைப் பிடிக்க முடியவில்லை. சாயங்காலம் பார்த்தால் சட்டை தெரியவில்லை, சிவப்புதான் தெரிந்தது. ஸ்டிக்கரை உரித்தபோது பசை அந்தத் துணியிலிருந்து போகவில்லை. துணியில் குறை இருக்கவில்லை. குறை தேடியவர்கள்தான் குறையை உண்டாக்கினார்கள்.

மறுநாள் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது தங்கை போய்ப் பயிற்சி அறைக் கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு வந்து, இந்தத் துணியை இவர்களுக்கு யார் காட்டினார்கள் என்று மட்டும் கேட்டாள். அந்த வாரத்திலேயே மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்தார். மாஸ்டர் அடுத்த வருடம் வேலையை விட்டு மகன் இருக்கும் ஊருக்குப் போகிறார். அதன் பிறகு பயிற்சி அறையின் பொறுப்பு என் தங்கைக்கு. எங்கள் குடும்பத்தில் பொறுப்பு என்ற சொல்லோடு யாருக்கும் வேலை கிடைத்ததில்லை.

ஆனால் அதில் ஒரு முடிச்சு இருந்தது. பொறுப்பில் இருப்பவர்தான் ஒவ்வொரு நாளும் வெளியே போகும் லாட்டுகளின், அதாவது சட்டைத் தொகுதிகளின், அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு ஒரு காலத்தில் ரப்பர் ஸ்டாம்பை யாரோ கண்டபடி குத்திவிட்டதால், சட்டை வாங்கும் கம்பெனி அதை ஒப்புக்கொள்ளாது. கைநாட்டையும் ஒப்புக்கொள்ளாது. அட்டைகள் ஷிப்ட் முடிகிற நேரத்தில்தான் வரும், அதுவும் கட்டாக வரும். தங்கையின் கை அப்போதுதான் ஒன்றுக்கும் ஆகாமல் இருக்கும்.

மேனேஜர் நல்ல மனிதர். "அறையை உன்கிட்ட குடுக்கறதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்லம்மா. மாஸ்டர் போறவரைக்கும் அவரே போடட்டும். அவர் போற அன்னிக்கு உன் கை போடணும். இல்லைன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்று நேராகச் சொல்லிவிட்டார்.

காலையில் கை நன்றாக இருக்கும்போதே வெற்று அட்டைகளில் போட்டு வைத்துவிடேன் என்று நான் யோசனை சொன்னேன். "துணியைப் பார்க்காம கையெழுத்தா? அதுக்குக் கைநாட்டே மேல்" என்று முடித்துவிட்டாள்.

அடுத்த தடவை நரம்பு டாக்டரம்மாவிடம் போனபோது, தங்கை இந்த அம்புக்குறிக் கூத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உனக்குள்ள நடக்கறதும் கிட்டத்தட்ட இதுதான்" என்றார். தன் நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்துக் காட்டினார். இதற்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அதுதான் உடம்பின் பயிற்சி அறை என்றார். எலும்பு மஜ்ஜையில் பிறக்கிற செல்கள் சில அங்கே பழக வருமாம். பழகி வெளியே போகிறவற்றுக்கு டி செல் என்று பெயராம். உடம்பின் ஒவ்வொரு உறுப்பிலும் உள்ளவற்றில் துளித் துளியாக அந்த அறை தானே செய்து, கம்பியில் மாட்டி வைத்ததுபோலக் காட்டுமாம். எதையும் அடையாளம் காணத் தெரியாத செல் அங்கேயே மடியும். உடம்பின் சொந்தச் சரக்கின்மேல் வேகமாகப் பாய்கிற செல்லும் அங்கேயே அழிக்கப்படும். நடுத்தரமாக ஒட்டுகிறவற்றில் சில மட்டும் குணம் மாறி, மற்றவற்றை அடக்கும் செல்களாக வெளியே போகும். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று சொன்னார்.

"விடு அக்காக்கள்" என்றாள் தங்கை.

"அவங்களேதான். அறை எவ்வளவு நல்லாப் பழக்கினாலும் நாலு முரட்டு ஆளு தப்பிச்சு வெளியே வந்துடும். அதைப் பிடிச்சு நிறுத்தறதுக்குத்தான் அவங்க."

என் தங்கையின் உடம்பில் அந்த அறையே கெட்டுவிட்டது என்றார். பழக வந்த இடத்தில் வேறு ஆட்கள் புகுந்து கடை விரித்து உட்கார்ந்துகொண்டு, அம்புக்குறி ஸ்டிக்கரை, அதாவது சொந்த உடம்பையே தாக்கும் எதிர்ப்புப் பொருளை, அங்கேயே அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடக்க வேண்டியவர்களுக்கும் கையில் வலு இல்லை. அந்த ஸ்டிக்கர்கள் போய் ஒட்டுகிற இடம்தான், தசை கட்டளை வாங்குகிற இடம். ஒட்டிய இடம் நாளடைவில் பழுதாகும். முதல் ஒன்றிரண்டு கட்டளை போய்ச் சேர்ந்துவிடும். போகப் போகச் சேராது. அதனால்தான் முதல் வாக்கியம் கணீரென்று வருகிறது.

பிறகு வழியைச் சொன்னார். ஆபரேஷன் செய்து தைமஸை எடுத்துவிடலாம்.

தங்கை உடனே கேட்டாள்: "அறையையே எடுத்துட்டா இனிமே யாரு பழக்குவா? விடு அக்காக்களும் அங்கேருந்துதானே வரணும்?"

டாக்டரம்மா அந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் பதில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிறந்த குழந்தையாக இருந்தால் அது பெரிய விஷயம்தான் என்றார். எலிக்குட்டி பிறந்த சில நாட்களுக்குள் தைமஸை எடுத்துப் பார்த்திருக்கிறார்களாம். மற்ற செல்கள் அதற்குள் வெளியே போயிருக்கும். அடக்குகிற செல்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பும், அவை கிளம்புமுன் கதவை மூடியதால் அந்த எலிகளின் உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொண்டதாம். கொஞ்ச நாள் பொறுத்து எடுத்தால் அந்தக் கேடு வரவில்லையாம். வளர்ந்தவர்களுக்கு, போக வேண்டியவை பெரும்பாலும் எப்போதோ வெளியே போய், அங்கங்கே பெருகிக் காவல் நிற்கின்றன. "அதுக்காக பெரியவங்களுக்கு தைமஸ் வீண்னு நான் பொய் சொல்லமாட்டேன். இழப்பு கொஞ்சம் இருக்கலாம். உன் விஷயத்துல எடுக்கறதால வர்ற நன்மை அதிகம்னு நினைக்கிறேன். எல்லாருக்கும் கேக்காது. கேட்டாலும் உடனே கேக்காது. அறையை மூடினாலும், ஏற்கனவே அச்சடிச்சு வெளியே போனது தீரணுமில்ல? மாசங்கள் ஆகும். வருஷமும் ஆகலாம்."

கிளம்பும்போது, மற்ற நோயாளிகளுக்கும் இந்தச் சட்டைக் கதையைச் சொல்லிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பசை போகாத துணியைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றாள் தங்கை.

வீட்டில் பெரிய ரகளை. அம்மாவுக்கு நெஞ்சைப் பிளப்பது என்ற வார்த்தையே ஆகவில்லை. கண் இறங்குகிறது என்று போனால் மாரைத் திறக்கிறேன் என்கிறார்களே என்று எல்லோரிடமும் முறையிட்டாள். என் வீட்டுக்காரர் டயர் கடை வைத்திருக்கிறார், எதற்கும் ஓர் உவமை வைத்திருப்பார். "பட்டன் போனா பட்டனைத் தைப்பாங்க. இவங்க என்ன காலரை வெட்டறேன்னு நிக்கறாங்க?" என்றார்.

"பட்டன் தானா போகல மாமா. பட்டனைப் பிடுங்கிப் போடறதுக்கு ஒரு ரூமுல ஆள் தயாராயிட்டே இருக்கு. அந்த ரூமைத்தான் பூட்டப் போறாங்க" என்றாள் தங்கை. ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க முதலில் போய் நின்றவரும் அவர்தான்.

என்னிடம் மட்டும் அவள் தனியாகச் சொன்னாள். "அக்கா, மாத்திரையிலேயே காலத்தை ஓட்டிடலாம். அதுல ஒண்ணும் சாகமாட்டேன். ஆனா அந்த அறை எனக்கு வேணும். வேற யாராவது வந்தா, அழுக்காகிடும்னு மறுபடியும் ஒரு சட்டையைப் பூட்டி வெப்பாங்க." அவளுக்கு அந்த அறையில் என்ன இருந்தது என்று அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது. தன் உடம்புக்குள் சரிசெய்ய முடியாமல் போனதை அவள் அங்கே சரியாக வைத்திருந்தாள்.

ஆபரேஷன் சம்மதப் பத்திரத்தில் நான் போடுகிறேன் என்றேன். சாட்சிக்கு மட்டும் போடு என்று சொல்லிவிட்டு, மைப் பெட்டியைத் தானே இழுத்துக் கட்டைவிரலை வைத்தாள். 2017 ஆகஸ்ட்டில் ஆபரேஷன் நடந்தது. மூச்சுக் கருவியைச் சொன்னதை விடத் தாமதமாகத்தான் எடுத்தார்கள். அந்த நேரத்தில் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் வளைந்துவிட்டது. கண் விழித்த தங்கை பேச முடியாமல், நர்ஸின் மேல்சட்டை ஓரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். தையல் விட்டிருந்தது. நர்ஸ் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். அப்போதே எனக்கு உயிர் வந்துவிட்டது.

அதன் பிறகு வந்ததுதான் சோதனை. மாதம் ஓடியது, ஒன்றும் மாறவில்லை. மாரில் தழும்பு, மாலையில் அதே அரைக்கண். வேலைக்குத் திரும்பினாள். மாலையில் கை அதே போல் விழுந்தது. தொழிற்சாலையில் பேச்சு வராமல் இருக்குமா? இன்னொரு விடு அக்கா இருந்தாள். முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுவாள், பொறுப்பு தனக்குத்தான் என்று எண்ண ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், "நெஞ்சைக் கிழிச்சும் கண்ணு பாதிதானே திறக்குது" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"மீதிப் பாதி உன்னைப் பார்த்தா போதும்னு மூடிக்கிச்சு" என்றாள் தங்கை, மெல்வதை நிறுத்தாமல்.

எனக்குத்தான் பொறுமை இல்லை. தினமும் கையெழுத்துப் போட்டுப் பழகு என்று தாள் வாங்கி வந்தேன். அவள் தொடவில்லை. பழகினால் வருகிற விஷயமல்ல இது, பழகினால் களைத்துப் போகிற விஷயம் என்றாள். பழைய ஸ்டிக்கர் தீரட்டும் என்பாள். டாக்டரம்மாவிடம் தவறாமல் போனாள். மாத்திரைகளை ஒரு வேளை பிசகாமல் சாப்பிட்டாள். ஒன்றும் நடக்காத காலத்தில் அவள் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். அழுது நான் பார்த்ததில்லை.

மாற்றம் வந்தபோது யாரும் கவனிக்கவில்லை. நான் கூடக் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் அது அப்படித்தான் வந்தது. ஒருநாள் காலையில் தலை பின்ன என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு பின்னலும் முடிந்திருந்தன. சில வாரம் கழித்து, மொட்டைமாடிக் கொடியில் வீட்டுத் துணி முழுவதையும் தானே கை தூக்கி உலர்த்தியிருந்தாள். படுக்கை விரிப்பு உட்பட. அம்மா கீழேயிருந்து பார்த்துவிட்டு, கூப்பிடக் கூட இல்லை, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார். முழுதாகப் போய்விட்டது என்று நினைத்துவிடாதே, மாத்திரை இன்னும் வேண்டும், சளி காய்ச்சல் வந்தால் ஓடி வா என்றும் சொன்னார். பெரிய பெரிய வாக்குறுதிகள் கொடுக்காததால்தான் அவரை நாங்கள் நம்புகிறோம்.

மாஸ்டர் போகிற மாதம் வந்தது. மேனேஜர் எதுவும் நினைவூட்டவில்லை. ஒரு வியாழக்கிழமை ஷிப்ட் முடிகிற நேரத்தில், எப்போதும் தன் மேசைக்கு வரும் அட்டைக் கட்டை மாஸ்டர் எடுத்துக்கொண்டு போய்ப் பயிற்சி அறை மேசையில் வைத்தார். நான் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு ஓடினேன். வாசலில் ஏற்கனவே கூட்டம். முத்துக் கையெழுத்துக்காரியும் நின்றாள்.

தங்கை உட்காரவில்லை. முதலில் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சட்டைகளை எடுத்து விரித்துப் பார்த்தாள். பார்த்த லாட்டின் அட்டையை வலப்பக்கம் வைத்தாள். ஓர் அட்டையை மட்டும் தள்ளி வைத்து, இந்த லாட்டில் பட்டன் காஜா சரியில்லை, நாளைக்கு மறுபடி பார்க்கிறேன் என்றாள். நாள் முழுக்க நடந்த கால், நாள் முழுக்கத் தடுத்த கை. ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. நான் அவள் கண்ணைத்தான் பார்த்தேன். திறந்திருந்தது.

பிறகு உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். சுருக்கி எழுதவில்லை, முழுப் பெயரையும் எழுதினாள். அடுத்த அட்டை. அடுத்தது. பாங்குக்கு முந்தின நாள் சரிந்த அந்த மூன்றாவது கையெழுத்து எனக்குத் தெரியும், பேனா முனையையே பார்த்தேன். பேனா கோட்டிலேயே நின்றது. நாலாவது, ஐந்தாவது என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் அவள் கையை உதறவில்லை, ஓய்வெடுக்கவில்லை. கட்டு குறையக் குறைய வாசலில் நின்றவர்கள் உள்ளே நெருங்கி வந்தார்கள். கடைசி அட்டையைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

மாஸ்டர் முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்தின் மேல் எழுத்து உட்கார்ந்தது.

"ரெண்டும் ஒரே ஆள்தான்" என்றார்.

முத்துக் கையெழுத்துக்காரி முன்னால் வந்து, தேதி போட மறந்துவிட்டாயே அக்கா என்று சொல்லி, பேனாவைத் திறந்து கொடுத்தாள். தங்கை கட்டைத் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அட்டையிலும் தன் பெயருக்குக் கீழே தேதியையும் எழுதினாள்: 2018 செப்டம்பர் 20.